எண்ணெய் இல்லாத தாளிப்பு

திருப்பதி டாக்டர் சொன்னதை அவர் அறையிலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் சித்தூர் நிருபராக இருந்த காலம் அது. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுவது கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். எண்ணெய் கூடாது. நெய் கூடாது. தேங்காய், வேர்க்கடலை, பாலாடை கூடாது. பொரித்தது எதுவும் கூடாது. சோறு, கஞ்சி, காய்கறி, பழம் கொடுக்கலாம். வெல்லமும் சர்க்கரையும் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. புளி கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை.

"ஆகாரம் உள்ள போவணும் சார். மருந்து மட்டும் வேல செய்யாது. அடுத்த சனிக்கெழம கூட்டியாங்க. அதுக்குள்ள எட இன்னும் எறங்கிச்சின்னா ஆஸ்பத்திரில சேத்துட வேண்டியது தான்."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது என் தந்தை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல் நின்றது. பிறகு அடுத்த பொத்தானுக்குப் போனது. கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சளாகியிருந்தது. நகக்கண்ணும் அப்படித்தான். மூன்று வாரமாகக் காமாலை. நாட்டு மருந்து பார்த்து இரண்டு வாரம் போயிருந்தது.

பஸ் புத்தலப்பட்டில் நின்றபோது ஒரு பெண் வடைத் தட்டோடு ஜன்னல் ஓரமாக வந்தாள். அவர் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் கிளம்பிய பிறகுதான் பேசினார்.

"அங்க சேத்தா நா திரும்ப மாட்டேன்டா."

"அப்டியெல்லாம் ஒண்ணியும் இல்ல நைனா. சாப்ட்டா போதும்னாரு."

"ஒங்கம்மாவுக்கும் அப்டி தான் சொன்னாங்க."

அம்மாவை முந்தைய ஆண்டு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நடந்து உள்ளே போனவரை எட்டாம் நாள் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு என் தந்தை ஆஸ்பத்திரி என்ற சொல்லையே சொல்வதில்லை. "அங்க" என்பார். எனக்கு விளங்கியது ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் இவர் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை நான் செய்ய வேண்டும். அவர் சொன்னபடி திரும்பாமலே போனால், அதையும் நான்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுத்தாளில் டாக்டர் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். அடுக்களைச் சுவரில் மாட்டப் போனவனை அவர் தடுத்தார்.

"கதவு மேல மாட்டு. எனக்குத் தெரியறாப்பல. இன்னா இன்னா எனக்கு இல்லன்னு நானும் பாத்துக்கினு கீறேன்."

அவர் கட்டிலுக்கு நேர் எதிரே அடுக்களைக் கதவு. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் எட்டடி இருக்கும். படுத்தபடியே அந்தத் தாளைப் படிக்கலாம். உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது, கேட்க முடியும். சர்வே ஆபீசில் கிராமப் படங்களைத் துணியில் பிரதி எடுப்பது அவர் வேலை. ஒரு கோடு மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தத் தாளையும் அப்படித்தான் பார்த்தார். "கூடாதுக்கு கால் போடல பாரு" என்றார். போட்டேன்.

முதல் தவறு அன்று இரவே நடந்தது. என் மனைவி பாசிப்பருப்பை வேகவைத்துக் கரைத்து, வெள்ளரிக்காய் போட்டுக் கொண்டுவந்தாள். மேலே எண்ணெய்ப் பொட்டுகள் இரண்டு மூன்று மிதந்தன. கிண்ணத்தை அப்படியே அடுக்களைக்குள் திருப்பி எடுத்துப்போய்க் காட்டினேன்.

"இன்னா இது?"

"இன்னாவாம்?"

"எண்ணெ கூடாதுன்னு எழுதி மாட்டி கீது."

"எண்ணெ ஊத்தலியே. தாளிச்சேன். அதுக்குக் கூடவா?"

அவள் நகரியில் நெசவு செய்யும் குடும்பத்தில் பிறந்தவள், எதையும் ஒருமுறை சொன்னால் போதும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் எண்ணெய் என்றால் பூரி, வடை, அப்பளம். வாணலி நிறைய ஊற்றுவதுதான் எண்ணெய். கடுகு வெடிக்க விடுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நானே டாக்டர் அறையில் எழுதும்போது அதை நினைக்கவில்லை. அவர் சொன்ன சொல்லை எழுதினேன். படிக்கிறவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதை எழுதவில்லை. பத்திரிகை ஆபீசில் இதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அன்று தாளில் ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. வீட்டில் சமைப்பவள் ஒருத்திதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது, போதும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாளிக்காத பருப்பை அவர் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினார். மறுநாள் கஞ்சி. அதிலும் பாதி டம்ளர்தான். சர்க்கரை கரைத்த தண்ணீரை வாயில் வைத்திருந்து துப்பினார். இடுப்பு வேட்டி இரண்டு சுற்று அதிகம் போனது.

வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். தெலுங்கர். தமிழும் பேசுவார், இரண்டையும் கலந்து. திங்கட்கிழமை மாலை ஒரு கீற்று மஞ்சள் பரங்கிக்காயோடு இறங்கி வந்தார்.

"அம்மாயி, ஒங்க மாமய்யாவுக்கு நாக்கு செத்துப் போச்சி. கஞ்சி ஊத்துனா நாக்கு எந்திரிக்குமா? தீபி புலுசு பெட்டு. வெல்லம் கீது, புளி கீது, எண்ணெ வேணாம். அதான் மந்து."

தீபி புலுசு என்றால் இனிப்பும் புளிப்புமான குழம்பு, மந்து என்றால் மருந்து. என் மனைவி அதை அதுவரை செய்ததில்லை. வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பரங்கிக்காயைத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டினாள். தோல் இருந்தால்தான் துண்டு கரையாமல் நிற்குமாம். கொஞ்சம் தண்ணீரில் மஞ்சள் தூளும் உப்பும் போட்டு அரைவேக்காடு. பிறகு நீர்க்கக் கரைத்த புளி. கீறிய பச்சைமிளகாய் இரண்டு. கொதித்து வரும்போது உருண்டை வெல்லத்தில் ஒரு துண்டு. வெந்தயத்தை வெறும் சட்டியில் வறுத்து இடித்துப் போட்டாள். கடைசியில் ஒரு கரண்டி அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற, குழம்பு கெட்டியானது. நிறம் பழுத்த மாம்பழத் தோல் மாதிரி. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். எனக்கும் கொடுத்தாள். முதலில் வெல்லம், அதன் பின்னால் புளி, கடைசியில் மிளகாய். நன்றாகவே இருந்தது.

"வெல்லம் போட்ட கொழம்பா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ராஜ்யம் பிரிச்சாங்க சரி. அடுப்பையும் அந்தப் பக்கம் எழுதிக் குடுத்துட்டியாம்மா?"

மூன்று வாரத்தில் அவர் சொன்ன முதல் கேலி. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகிச் சித்தூர் அதில் சேர்ந்திருந்தது. தெற்கோரத்துக் கிராமங்களில் எது எந்தப் பக்கம் என்பது மட்டும் முடிவாகவில்லை. நான் அனுப்பிய செய்திகளில் பாதி அதைப் பற்றித்தான். அந்த ஊர்களின் படங்களைத்தான் அவர் படுக்கையில் விழும்வரை பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. தட்டைக் கூர்ந்து பார்த்தார்.

"தாளிக்கலியா?"

என் மனைவி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கேக்கறேன் இல்ல? கடுகு இல்ல, கருவேப்பல இல்ல. சத்தமும் கேக்கல. நேத்தும் கேக்கல, முந்தா நேத்தும் கேக்கல." குரல் மேலே போகவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆரு செத்தாங்க இந்த வூட்ல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்களில் சாவு நடந்த வீட்டில் பத்து நாள் தாளிக்க மாட்டார்கள். அடுப்பு எரியும், சோறு வேகும், குழம்பு கொதிக்கும், தாளிக்கிற சத்தம் மட்டும் இருக்காது. பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் எண்ணெய் காயும். முந்தைய ஆண்டு அம்மாவுக்காக அந்தப் பத்து நாளும் அவர் இதே கட்டிலில் உட்கார்ந்து தாளிக்காத சோற்றைச் சாப்பிட்டார். இப்போது மூன்று நாளாக அதே சோறு.

"பத்து நாளு துன்னேன். போதும். எனக்கு நானே துன்னணுமா?"

தட்டில் கையை உதறிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டருடைய எல்லை ஒரு பக்கம், அவருடைய எல்லை ஒரு பக்கம். அன்று முழுவதும் அவர் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. சனிக்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள்.

மாலையில் என் மனைவி அடுக்களையிலிருந்து என்னை விரலால் கூப்பிட்டாள். தாளிக்கிற இரும்புக் கரண்டியை அடுப்புக் கங்கில் வைத்திருந்தாள். அதில் எண்ணெய் இல்லை. கரண்டியின் அடி சிவக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கடுகைப் போட்டு மேலே மூடியால் மூடினாள். கடுகு பொறியாக வெடித்தது. எண்ணெயில் வெடிப்பதைவிடச் சத்தமாகவே இருந்தது. மூடியைத் தூக்கி ஒரு மிளகாய்வற்றலைக் கிள்ளிப் போட்டாள், பெருங்காயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை. புகை எழுந்தது. கரண்டியை அப்படியே குழம்புக்குள் முக்கினாள். "சொர்ர்" என்று குழம்பு சீறி அடங்கியது.

கட்டிலில் ஒரு தும்மல். இன்னொரு தும்மல்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னா எண்ணெம்மா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"நல்லெண்ண மாமா. ஒரே ஒரு கரண்டி."

"டாக்டரு திட்ட மாட்டாரா?"

"அவருக்கு ஆரு சொல்லப் போறாங்க?"

அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தார். அந்த வேளை ஒரு தட்டுச் சோறு இறங்கியது. பரங்கிக்காய்த் தோலைக்கூட விடவில்லை.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அதே. ஆபீஸ் நாள் பழக்கத்தில் காலை பத்து மணிக்கு அவர் காது அடுக்களைப் பக்கம் போய்விடும். சத்தம் கேட்டால்தான் கால் கீழே இறங்கும். வியாழக்கிழமை இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினார். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்த மாதிரி எனக்குத் தெரிந்தது. நான் பார்க்க விரும்பியதைத்தான் பார்க்கிறேனோ என்ற சந்தேகமும் இருந்தது. ஆகவே எழுதிவைக்கவில்லை.

தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அந்த இரண்டு நாளில் பலமுறை நினைத்தேன். முடியவில்லை. தாளிக்கவும் எண்ணெய் கூடாது என்று எழுதினால் முதலில் படிப்பவர் அவர். தாளைக் கழற்றினால் ஏன் கழற்றினாய் என்பார். அடுக்களைக்குள் அதைப் பற்றிப் பேசுவதும் ஆபத்து. எட்டடி தூரம். நானும் அவளும் அதைக் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் என் அக்கா வந்தாள். நகரிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அவளைக் கொடுத்திருந்தது. விவசாயக் குடும்பம். அந்த ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் தங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்திருந்தார்கள். அவள் கணவரும் அவர்களில் ஒருவர். அவரை அங்கே விட்டுவிட்டு அவள் நேராக வீட்டுக்கு வந்தாள். பை நிறைய முருங்கைக்கீரை. அப்பாவைக் கண்டதும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இன்னா நைனா, கயிறாட்டம் ஆயிட்ட?"

"கயிறு தான் ஒடையாது" என்றார் அவர். மகளைப் பார்த்ததில் முகம் தெளிந்திருந்தது. "ஒங்க ஊரு எந்தப் பக்கம்னு முடிவாச்சா?"

"நீதான் படம் போடறவன். நீ சொல்லு."

நான் அந்த மனுச் செய்திக்காகக் கிளம்ப வேண்டியிருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா அடுக்களைக்குள் போவதைப் பார்த்தேன். அதன் பிறகு நடந்ததை என் மனைவி பின்னால் சொன்னாள்.

அன்று குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது. தெருக்கோடியில் குடங்கள் வரிசையாக நின்றன. குழம்பு கொதிவந்து மாவும் கரைத்து ஊற்றியாயிற்று. தாளிப்பு ஒன்றுதான் பாக்கி.

"நீ தண்ணிக்குப் போ. மீதிய நா பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"இல்ல அண்ணி, நானே வந்து..."

"ஏன், எனக்கு எங்க நைனாவுக்கு சோறு போடத் தெரியாதா?"

"எண்ணெ சேக்கக்கூடாது அண்ணி."

"தெரியும்மா. கதவுல தான் எழுதி கீதே. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

கட்டிலில் அவர் விழித்திருந்தார். மணி பத்தாகப் போகிறது. என் மனைவி கண்ணால் கரண்டியைக் காட்டினாள். அக்காவின் கையை அழுத்தினாள். அக்கா அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அவளை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று என் மனைவி பிறகு அழுதாள். குடம் வரிசையில் போய்விடும் என்ற அவசரத்தில் தோன்றவில்லை. அவள் போய்விட்டாள்.

கலெக்டர் ஆபீஸ் புளியமரத்தடியில் நான் அத்தானைப் பார்த்தேன். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை அவர்தான் வைத்திருந்தார். "ஒங்கக்கா வூட்டுக்குப் போயிட்டா. இன்னிக்கு அவ கையால தான் மாமாவுக்குச் சோறாம்" என்றார். என் பென்சில் நின்றது. தாள் மாட்டியிருக்கிறது, படிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது. என்ன எழுதவில்லை என்பதும். ஆனால் உள்ளிருந்து ஓர் அதிகாரி மனு வாங்க வெளியே வந்துகொண்டிருந்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். அது ஒன்றரை மணி நேரமானது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் கலையும்போது ஒரு ஜட்கா வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே நேராக என்னிடம் வந்தாள். தலையில் முந்தானை இல்லை.

"வலிக்குதுன்றாரு. ரெண்டு வாட்டி வாந்தி. ஒடனே வாங்க."

வீட்டில் அவர் வலது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிக் கிடந்தார். நெற்றி நனைந்திருந்தது. அக்கா பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களைக்குள் போனேன். குழம்புச் சட்டியில் மேலெல்லாம் மினுமினுப்பு. தாளிக்கிற கரண்டி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. விரலால் தொட்டேன். வழுக்கியது. நல்லெண்ணெய் வாசனை.

அக்கா என் பின்னால் வந்து நின்றாள்.

"எண்ணெ ஊத்தினியாக்கா?" மெதுவாகத்தான் கேட்டேன்.

"சாமி சத்தியமா ஊத்தலடா. தாளிச்சேன், அவ்ளோதான்."

ஒரு மணி பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். நானும் அக்காவும் இரண்டு பக்கம், அவர் நடுவில். ஒவ்வொரு மேட்டிலும் பஸ் தூக்கிப்போடும்போது அவர் என் தொடையைப் பிடித்தார். புத்தலப்பட்டில் மறுபடியும் வாந்தி. அக்கா தன் மடியில் ஏந்தினாள். அவர் ஒன்றுதான் சொன்னார்: "அங்க தான கூட்டிக்கினு போற?" நான் டாக்டரிடம் என்றேன்.

டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்தினார். அவர் பல்லைக் கடித்தார்.

"ஈ ரோஜு, இன்னிக்கு, என்ன சாப்ட்டாரு?"

நான் வாயைத் திறக்கும் முன் அப்பாவே சொன்னார். திணறியபடி, ஆனால் தெளிவாக.

"தெனமும் துன்றது தான் சார். பரங்கிக்கா புலுசு. தாளிக்கறதுக்கு ஒரு கரண்டி நல்லெண்ண. பிள்ளைங்கள ஒண்ணியும் சொல்லாதீங்க. நாந்தான் கேட்டேன். நாலு நாளா அப்டி தான்."

"நாலு நாளா தெனமும் எண்ணெ போச்சா?"

"தெனமும்."

"நாலு நாளு வலி இல்ல. இன்னிக்கு தான் வலி?"

"ஆமா சார்."

டாக்டர் நிமிர்ந்தார். என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். நான்கு நாள் எண்ணெய் தாங்கிய உடம்பு இன்று திடீரென்று இப்படி வலித்தால் காரணம் சாப்பாடு இல்லை, பித்தப்பையில் கல்லோ வேறு எதுவோ இருக்கலாம், இப்போதே சேர்த்துவிடுவது நல்லது என்றார். மேசையிலிருந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் சீட்டை எடுத்தார்.

அந்தச் சீட்டை நான் பார்த்தேன். பெயர் எழுதும் இடத்தில் பேனா முனை தொட்டுவிட்டது. என் தந்தை எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, தான் உண்மை என்று நம்பியதைச் சொல்லிவிட்டார். அதுவே அவரை அங்கே கொண்டுபோகப் போகிறது. மாற்ற வேண்டுமானால் அவர் எதிரிலேயே சொல்ல வேண்டும். அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்ல முடியாது, பரிசோதனை மேசையில் படுத்திருக்கிறார். சொன்னால் இனி அந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்து உட்கார மாட்டார். பழையபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டால் அடுத்த வாரம் இதே சீட்டு.

"இல்லை டாக்டர்" என்றேன். "எண்ணெய் இன்றைக்கு ஒருநாள்தான். மற்ற நாள் சொட்டுக்கூடக் கிடையாது. வெறும் கரண்டியைச் சூடு பண்ணிக் கடுகு வெடிக்க விட்டோம். அவருக்குத் தெரியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதிது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

"நிஜமா?"

"நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்."

டாக்டர் சீட்டை மேசை மேலேயே வைத்தார். ஓர் ஊசி போட்டார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் படுக்க வைத்துப் பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்த தடவைகளை எண்ணவில்லை. அக்கா சுவரோரமாகக் குந்திக்கொண்டு, ஒருமுறை மட்டும் பேசினாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா." ஆறு மணிக்குள் வலி அடங்கியது. எடை பார்த்தார்கள். போன சனிக்கிழமைக்கு இறங்கவில்லை, ஒரு பொட்டு ஏறியிருந்தது.

"சேக்க வேணாம். ஆனா இனி தாளிப்புக்குக் கூட நூனெ வொத்து, எண்ணெ வேணாம். அர்த்தமாயிந்தா?" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் என் மனைவி கொடுத்த வெந்நீரை வாங்கிக் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. அக்கா மாடியில் வீட்டுக்காரம்மாவோடு இருந்தாள். கீழே வர அவளுக்குத் தைரியமில்லை. என் மனைவி பரங்கிக்காய் வெட்டினாள், புளி கரைத்தாள், வெல்லம் போட்டாள். எல்லாம் முடிந்து கரண்டியைக் கையில் எடுத்தவள் அதை அடுப்பில் வைக்கவும் இல்லை, மறுபடி ஆணியில் மாட்டவும் இல்லை. மணி பத்து. நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து நேற்றைய மனுச் செய்தியை எழுதுவது போல ஒரே வரியை மூன்றாவது முறை எழுதிக்கொண்டிருந்தேன்.

கட்டில் அசைந்தது. அவர் காலைக் கீழே வைத்தார். என் கையைப் பிடிக்காமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கதவுவரை நடந்தார். தாளின் முன் நின்றார். கையை என் பக்கம் நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன். படத்தில் ஊர்ப்பெயர் எழுதும் அந்தச் சீரான எழுத்தில், கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: தாளிக்கவும் கூடாது. எழுதிவிட்டு, 'தாளிக்கவும்' என்பதற்கு முன்னால் ஒரு சிறு அம்புக்குறி போட்டு, மேலே 'எண்ணெய் ஊற்றித்' என்று சேர்த்தார்.

பிறகு அடுக்களைக்குள் எட்டிப்பார்த்தார்.

"இன்னாம்மா நிக்கற?"

"இல்ல மாமா..." அவள் கரண்டியை முந்தானைக்குப் பின்னால் மறைத்தாள்.

"குடு இங்க."

வாங்கினார். உள்பக்கத்தை விரலால் தேய்த்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேற்றைய எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். விரலில் கரி மட்டும் ஒட்டியிருந்தது. கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுப்புல வெச்சி நல்லா காய வுடு. அடி செவக்கணும். புதங்கெழம சத்தம் கம்மியா இருந்திச்சி."

அவள் கரண்டியைக் கங்கில் வைத்தாள். மூவரும் அது சிவப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கடுகை எடுக்கக் கை நீட்டியபோது, "இரு, இரு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"இப்ப போடு."

கடுகு வெடித்தது. ஒன்று தெறித்து அவர் முழங்கையில் பட்டது. மிளகாய்ப் புகை எழுந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை தும்மினார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார், மகளைச் சாப்பிடக் கீழே வரச்சொல்லி.